எடை அட்டையில் ஏறிய புள்ளி

ஸ்டெல்லா,

அன்புள்ள என்று முன்னால் போடவில்லையே என்று வருத்தப்படாதே. அன்பு இருக்கிறது, அடியில் எங்கேயோ கிடக்கிறது. இப்போது மேலே கொதிப்பது கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக இங்கே வந்தாய். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து, சமையல்கட்டு வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னாய். "எம்மா, நான் சேலம் போவல. அந்த சீட்ட வுட்டுட்றேன். இங்கியே கள்ளக்குறிச்சில ரெண்டு வருசம் ஏஎன்எம் படிச்சிட்டு வந்துர்றேன்." அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நாலு கத்து கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். கூடவே இன்னொன்று சொன்னாய். "நீ எனக்கோசரம் படிப்பையே வுட்டுட்டு வந்தவ. நான் மட்டும் ஜெனிய வுட்டுட்டுப் போனா, அப்பறம் நான் இன்னா பொம்பள?" நான் கத்தியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அம்மா உருகிப்போய்விட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். உருகவில்லை. யாரையாவது பிடித்து அறைய வேண்டும்போல இருந்தது. அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே ஒன்பது சொல்வாய், நான் குரலை உயர்த்துவேன், பேத்தி ஜெனி காதைப் பொத்திக்கொள்வாள், நம் வீட்டில் எந்தப் பேச்சுதான் முடிந்திருக்கிறது? அதனால் எழுதுகிறேன். உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் என் பீரோவில் அந்தப் பச்சை ஃபைலில் இருக்கிறது. நீ பிறந்ததிலிருந்து வந்த ஒரு காகிதத்தையும் நான் தூக்கிப் போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் அதை எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாய். சேலத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். எந்தக் காலேஜில் ஒரிஜினலைக் கொடுக்கிறாயோ அங்கேயே உன் கதை முடிந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். ஆகவே இந்தக் கடிதத்தையும் அதே ஃபைலில் வைக்கிறேன். சேலத்துக்குப் போனாலும் சரி, இங்கேயே சேர்ந்தாலும் சரி, அதைத் திறந்துதான் ஆக வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் வரிசையாக எழுதுகிறேன். ஏனென்றால் நீயும் உன்னைச் சுற்றி இருப்பவர்களும் அதைக் குழப்பிக் கூழாக்கி வைத்திருக்கிறீர்கள். ரெண்டு வருஷம் ஏஎன்எம். அது என் படிப்பு. முடித்தால் என்னை மாதிரி கிராம நர்ஸ். மூணு வருஷம் டிப்ளமா. முடித்தால் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம், அப்புறமும் உடம்பில் தெம்பு இருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் படித்து அதை டிகிரி ஆக்கிக்கொள்ளலாம். உன் சித்தி அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ஊரைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறச் சொல்கிற மாதிரி. நாலு வருஷம் பி.எஸ்சி. அது நேராக டிகிரி. நீ என்றைக்கோ எழுதிய பிளஸ் டூ மார்க்கை வைத்துக்கொண்டு, உன் பாதி வயசுப் பிள்ளைகளோடு கவுன்சிலிங்கில் உட்கார்ந்து, சேலத்துப் பக்கத்தில் அந்த நாலு வருஷ சீட்டை வாங்கியும் விட்டாய். வயசு வரம்பு தாண்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இந்த வருஷம் விட்டால் அடுத்து எப்போது என்று கேட்கவே முடியாது. கையில் வந்து விழுந்த பழத்தை யாராவது திரும்ப மரத்தில் ஒட்ட வைப்பார்களா? நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய்.

சுற்றி இருக்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துப் புழுங்க எனக்கு வயசில்லை. உன் நாத்தனார் கேட்டாளாமே, "முப்பத்திமூணு வயசுல யூனிபாரம் மாட்டிக்கினு ஜெனிகூட போட்டி போட்டுக்கினு படிக்கப் போறீங்களா அண்ணி?" என்று. அவளை விடு. அவள் வாய் அப்படி. மாப்பிள்ளையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "அவ இஷ்டம்தான் அத்த. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த 'ஒண்ணும் இல்ல'யை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை என்ன முடிவெடுக்க முடியும்? போ என்றும் சொல்ல மாட்டார், போகாதே என்றும் சொல்ல மாட்டார். சின்னசேலத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கிற மனுஷன், வீட்டு விஷயத்தில் மட்டும் ஒட்டவும் மாட்டேன் வெட்டவும் மாட்டேன் என்கிறார். நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்லவர்களோடு குடித்தனம் பண்ணுவதில் இருக்கிற எரிச்சல் அது.

ஆனால் மற்றவர்களைத் திட்டிக்கொண்டே போனால் என் பங்கு விட்டுப்போகும். உனக்குப் பதினேழு வயசில் நர்ஸுக்குப் படிக்க ஆசை இருந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே கேட்டாய். நான்தான் சொன்னேன், "இந்த வூட்ல ஊசி புடிக்க நான் ஒருத்தி போதும். நீ டீச்சருக்குப் போ. காலைல போயி சாயங்காலம் வூடு வந்து சேர்ந்துடலாம்." அந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் டீச்சர் டிரெயினிங் போர்டுதான். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் கட்டடம், வாசலில் ஒரு போர்டு, உள்ளே நூறு பொண்ணுங்க. எல்லாரும் போனார்கள், நானும் உன்னைத் தள்ளினேன். வேதக்காரியாக இருந்துகொண்டு கும்பலோடு கோவிந்தா போட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று? கூடப் படித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டீச்சர் ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு எங்கே போவது? நீ நர்சரி ஸ்கூலில் பத்து வருஷம் 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லிக்கொடுத்தாய், தகுதித் தேர்வு எழுதினாய், காத்திருந்தாய், கல்யாணம் ஆயிற்று, ஜெனி பிறந்தாள். ஒரு நாளும் நீ என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் புண்ணான அந்த ரெண்டு வருஷத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. நான் நர்ஸ், ஆனால் என்னிடம் அவர் காலைக் காட்ட மாட்டார். "நீ முரட்டுத்தனமா கட்டுவ, ஸ்டெல்லா வரட்டும்" என்பார். நீ சின்னசேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கையைக் கழுவி, பழைய கட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஒரு நூல்கூட இழுக்காமல் எடுப்பாய். புண்ணை முகர்ந்து பார்ப்பாய். யாரும் உனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வார்டு சிஸ்டர் ஒரு நாள் நீ கட்டுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஆஸ்பத்திரில ஸ்டாஃபா இருக்கீங்க?" என்று கேட்டது. "நான் டீச்சர், சிஸ்டர்" என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? பஸ்ஸைத் தவற விட்டவள் குரல். அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டாய், "எம்மா, எனக்கு இன்னும் வயசு இருக்குதா?" என்று. நான்தான் விசாரித்தேன். அந்த ஆசையை நீ விட்டுவிடுகிறாய் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

ஏஎன்எம் படிப்பை நான் இளக்காரமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. முப்பத்தெட்டு வருஷம் அந்த வேலைதான் நமக்குச் சோறு போட்டது. கல்வராயன் மலையில் சேராப்பட்டுக்கு மேலே ஒவ்வொரு ஊருக்கும் புதன்கிழமை புதன்கிழமை தடுப்பூசி டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஓடை குறுக்கே ஓடினால், அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என்னைக் கைப்பிடித்துத் தாண்ட வைப்பார்கள். நர்சம்மா என்று கூப்பிட்டு, இருக்கிற சாமைச் சோற்றைப் போடுவார்கள். என் கையில் பிறந்த பிள்ளைகள் இன்றைக்கு வெள்ளிமலைச் சந்தையில் என்னைப் பார்த்தால் கடுக்காயோ தேனோ எதையாவது கையில் திணிக்காமல் விடுவதில்லை. அந்த வேலையை நீ ஆசைப்பட்டுக் கேட்டால் என் பழைய புடவையையே உனக்குக் கட்டிவிடுவேன். ஆனால் நீ ஆசைப்பட்டுக் கேட்கவில்லையே. சீக்கிரம் முடியும், பக்கத்தில் இருக்கும் என்று கேட்கிறாய். சீக்கிரம் முடிகிற படிப்பில் என்ன இல்லை என்பதை நான் ஒரு நாள் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பூங்கொடி என்று மலைமேல் மேலூரில் ஒருத்தி. மூணாவது பிரசவம், வீட்டிலேயே ஆகிவிட்டது. நான் போகும்போது குழந்தை நன்றாக அழுகிறது, இவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நஞ்சுக்கொடியை எடுத்துத் தட்டில் விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துண்டு குறைகிறது. உள்ளே நின்றுவிட்டது. ஊசி போட்டு, சலைன் ஏற்றி, ஒரு ஜீப்பைப் பிடித்து, வளைவுக்கு வளைவு அடிவயிற்றை அமுக்கிப் பிடித்த கையை எடுக்காமல் மலையிறக்கம் முழுக்க அப்படியே வந்தேன். கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் ஒரு சின்னப் பொண்ணு, ஸ்டாஃப் நர்ஸ், கையில் கேஸ் ஷீட். "உள்ள ஒரு துண்டு நின்னுக்கினு இருக்குது சிஸ்டர், சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஏஎன்எம்தானே? வெளிய வெயிட் பண்ணுங்க, டாக்டர் வந்து பாப்பாரு" என்றது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் பார்த்தார். நான் சொன்னதையேதான் இங்கிலீஷில் எழுதினார். பூங்கொடி பிழைத்துக்கொண்டாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் வராந்தாவில் காய்ந்துபோன ரத்தத்தோடு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேனே, அதை நான் மறக்க மாட்டேன். அந்தப் பொண்ணு மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கைக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை. அவர்கள் பாஷையில் ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே கதவு திறந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பிலிருந்துதான் நான் எழுந்து ஓடி வந்தேன்.

ஓடி வந்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பப் படிக்காதே, சரியாகத்தான் படித்தாய்.

நீ சின்ன வயசிலிருந்து கேட்ட கதை உனக்கு மனப்பாடம். உனக்கு ரெண்டு வயசு, எனக்கு முப்பது. வேலையில் இருக்கும்போதே மூணு வருஷ டிப்ளமாவுக்கு எனக்கு இடம் கிடைத்தது, சேலத்தில் போய்ச் சேர்ந்தேன். நீ என்னைத் தேடித் தேடி அழுது, சோறு தண்ணீர் இறங்காமல், காய்ச்சல் கண்டு கிடந்தாய். சேதி கேட்டு ஒன்பதாம் நாள் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். இதுதானே கதை? எட்டாம் வகுப்பில் 'என் தாயின் தியாகம்' என்று கட்டுரை எழுதி ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி வந்தாய். அது இன்னும் நம் சமையல்கட்டில் இருக்கிறது. அதில் நான் பெருங்காயம் போட்டு வைத்திருப்பது ஏன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? அதில் சோறு வைத்துச் சாப்பிட எனக்கு மனசு வந்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சேலத்தில் என் வகுப்பில் எல்லாம் பதினெட்டு வயசுப் பிள்ளைகள். என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டு என் தலையில் பூ வைத்துவிடும். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒன்பதாம் நாள் உடற்கூறு வகுப்பு. டீச்சர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். நான் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவள். உணவுக்குழாய்க்கு இங்கிலீஷில் ஒரு பெயர், அதன் முன்னால் வந்து நின்றேன், நின்றவள் நின்றவள்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் கேட்டார், "எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று. "எட்டு வருஷம்" என்றேன். "எட்டு வருஷம் வேலை பாத்தும் இது தெரியலையா?" அவ்வளவுதான் கேட்டார். அதட்டக்கூட இல்லை. நான் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ரெக்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எத்தனையோ பிரசவம் பார்த்தவள், பாறையிலும் ஓடையிலும் பயப்படாதவள், ஒரு வார்த்தைக்குப் பயந்து ஓடினேன். ஆத்தூர் வரைக்கும் அழுதேன். தலைவாசலில் அழுகை நின்று யோசனை வந்தது: வீட்டில் என்ன சொல்வது, ஆபீசில் என்ன சொல்வது? சின்னசேலம் வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ எங்கே இருந்தாய் தெரியுமா? அப்பாவின் கரும்பு டிராக்டரில். ஆலை அரவை முடிந்து வண்டி வாசலில் நின்றது. அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு, வாயெல்லாம் அவித்த குச்சிக்கிழங்கை அப்பிக்கொண்டு, டுர்ர்ர் என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் கையை நீட்டினேன். நீ ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு அவர் சட்டையில் முகத்தைப் பொத்திக்கொண்டாய். வரவில்லை. அப்பா கேட்டார், "இன்னா திடீர்னு?" என்று. "பாப்பாவுக்குக் காச்சல்னு சேதி வந்துச்சே" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா, லேசா இருந்துச்சு" என்றார். மறுநாள் ஆபீசுக்கும் கூடவே வந்து, ஆபீசர் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கோயில் வாசலில், யார் படிப்பு என்றாலும் உன் காய்ச்சலை எடுத்துப் போட்டேன். முதலில் வெட்கத்தை மறைக்கச் சொன்னேன், அப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது.

போன வருஷம் என் பணி நிறைவு விழாவில் எல்லாரும் பொன்னாடை போர்த்தி, சந்தன மாலை போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். நீ மைக்கை வாங்கி அந்தக் கதையைச் சொன்னாய். டாக்டரம்மா கண்ணைத் துடைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் உன் வாயைப் பொத்தி, "இல்லடி, பொய்டி" என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மாலை கழுத்தில் கனத்தது, நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா காலில் கட்டோடு முன்வரிசையில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் திரும்பும்போது கேட்டார், "இன்னும் எத்தினி நாளைக்கு அந்தக் காச்சல வெச்சிக்கினு இருப்ப? அதுக்கு முப்பது வயசு தாண்டிடுச்சே" என்று. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழு மாசத்தில் அவர் போய்விட்டார். பொய்க்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். அவரும் இல்லை, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, அதே கதையை எடுத்து உன் காலில் விலங்காக மாட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் வராத காய்ச்சலைச் சொல்லி என் படிப்பைக் கெடுத்துக்கொண்டது போதாதா? அதே காய்ச்சல் உன் படிப்பையும் கெடுக்க வேண்டுமா? எரிச்சலில் எனக்கு ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ என் முகத்தில் விழிக்காமல் இருந்தாலும் சரி, இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷுக்கு நீ பயப்பட மாட்டாய், அதை நான் அறிவேன். உன் பயம் வேறு. "ஜெனி என்னத் தேடுவாளேம்மா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்காமல் இல்லை. தேடுவாள். சில நாள் தேடாமலும் இருப்பாள். ரெண்டாவதுதான் அதிகம் வலிக்கும், அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து நீ ஆசையாக வந்து நிற்பாய், அவள் டிவியைப் பார்த்துக்கொண்டு, "இரும்மா, முடியட்டும்" என்பாள். அதைத் தாங்க முடியாமல் படிப்பை விட்டுவிடாதே. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் சமையல் அவளுக்குப் பிடிக்காது, என் அதட்டலும் பிடிக்காது, ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள், அப்புறம் சரியாகிவிடுவாள். மாப்பிள்ளை இங்கே வந்து படுத்துக்கொள்ளட்டும், இல்லை கடையிலேயே இருந்துகொள்ளட்டும். அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையே!

இதையெல்லாம் படித்த பிறகும் உனக்கு ஏஎன்எம்தான் வேண்டும், மலைக்குத்தான் போக வேண்டும் என்று உன் மனசு சொன்னால், போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஏதாவது பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆனால் அம்மா மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகப் போகாதே. நீ யார் மாதிரி இருக்க நினைக்கிறாயோ அந்த அம்மா இருந்ததே இல்லை. இருந்தவள் ஒன்பது நாள் படித்துவிட்டுப் பயந்து ஓடி வந்து, பழியை ரெண்டு வயசுப் பிள்ளை மேல் போட்டவள்.

நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன்னைச் சேலத்துக்குத் துரத்துவதற்காக அம்மா இப்படி ஒரு கதை கட்டுகிறாள் என்றுகூட நினைப்பாய். அதனால் சாட்சிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். திரும்பி வந்த மறுநாள், தொழில் பழக்கம் விடவில்லை, உன்னைத் தராசில் தூக்கிப் போட்டு மாசாமாசம் குறிக்கிற உன் எடை அட்டையில் புள்ளி வைத்தேன். அந்த ரோஸ் நிற அட்டை ஃபைலில்தான் இருக்கிறது. மேலே உனக்கு வந்த சேலம் சீட் ஆர்டரை வைத்திருக்கிறேன், அதைத் தற்செயல் என்று நினைக்காதே, வேண்டும் என்றுதான் வைத்தேன். அதற்கு அடியில் அட்டை. வியாழக்கிழமை நான் காலைப் பூசைக்குப் போய்விடுவேன், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார். நான் சேலம் போவதற்கு முந்தின மாசம் ஒரு புள்ளி இருக்கும், வந்த மறுநாள் ஒரு புள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்து நான் அன்றைக்கு இழுத்த கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார். சோறு தண்ணீர் இறங்காமல் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அந்தக் கோடு அப்படி ஏறுமா? நர்ஸாகப் போகிறவள்தானே, நீயே படித்துச் சொல்.

உன் அம்மா